சிறு தீக்காப்புப் பெட்டகத்தில் எதை வைப்பது?

தீப்பற்றிய வீட்டிலிருந்து முதலில் காக்கத் தக்கது உயிரே என்பதில் எவருக்கும் அபிப்பிராய பேதம் இல்லை. இரண்டாவதாகக் காக்கத் தக்கது எது என்று கேட்டாலோ, ஒவ்வொரு காலமும் தனக்கென்று ஒரு விடையை வைத்திருந்தது தெரியவரும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களில் பீரோவின் உள்லாக்கரையும் பரண்மேல் டிரங்குப் பெட்டியையும் நம்பி இரண்டு தலைமுறை வாழ்ந்த ஒரு குடும்பம், கடைக்காரர் ‘ஃபயர் சேஃப்’ என்று காட்டும் சிறு பெட்டகத்தை வாங்க நினைக்கும்போது, அப்பழைய வினா புதிய வடிவில் அதன் முன் நிற்கிறது. அப்பெட்டகத்தின் சுவர் தடித்தது, உள்ளறையோ சிறியது. பல மாதிரிகளில் ஒரு முத்திரைத்தாளை மடிக்காமல் படுக்க வைப்பதற்கும் இடம் போதாது. ஆகவே எதை வைப்பது என்ற கேள்வி, எதையெல்லாம் வெளியே விடத் துணிவது என்ற கேள்வியாகவும் ஆகிவிடுகிறது.

இதற்குக் கூறப்பட்டுவரும் விடைகளைப் பொன்னை முன்வைப்பவை, பத்திரத்தை முன்வைப்பவை, நினைவுப் பொருளை முன்வைப்பவை, பெட்டகமே வேண்டாம் என்பவை எனப் பிரித்துப் பார்க்கலாம். எந்தக் கட்சியும் முழுமையானதன்று என்பதோடு, இவ்வட்டாரத்து வீடுகளைப் பொறுத்தமட்டில் நான்குமே நெருப்பை நினைத்த அளவுக்கு நீரை நினைக்கவில்லை என்பதையும் சேர்த்தே ஆராய வேண்டியிருக்கிறது.

செப்பேட்டின் நியாயம்

பெட்டகம் என்ற கருவி வருவதற்கு நெடுங்காலம் முன்பே, ஆவணத்தை எரியாத பொருளின்மீது எழுதிவிடுவது என்ற உபாயத்தை நம் நாட்டு அரசர் கைக்கொண்டிருந்தனர். பழையனூர் என்னும் ஊரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்கு அளித்ததைக் குறிக்கும் முதலாம் இராசேந்திர சோழனின் சாசனம் 31 செப்பேடுகளில் பொறிக்கப்பட்டு, 1905-ஆம் ஆண்டில் இதே திருவள்ளூர்ப் பக்கத்தில் கண்டெடுக்கப்பட்டது. செம்பு உருகுவதற்கு ஏறத்தாழ 1,085 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும்; வீட்டுத் தீயில் அவ்வளவு வெப்பம் எழுவது அரிது. நிலக்கொடையைச் செம்பிலும் கல்லிலும் வெட்டிய அதே சமுதாயம், குடிமகனின் ஒற்றியையும் கிரயத்தையும் ஜாதகத்தையும் பனையோலையில்தான் எழுதியது. ஓலையோ நெருப்புக்கும் கரையானுக்கும் ஒருங்கே இரை.

ஏடு அனலிலும் புனலிலும் சோதிக்கப்பட்ட கதை தமிழ்ச் சைவ மரபின் நடுவிலேயே இருக்கிறது. மதுரையில் ஞானசம்பந்தரின் ஏடு தீயில் கருகாமல் நின்றது என்றும், வையையின் வெள்ளத்தை எதிர்த்துத் திருவேடகத்தில் கரை சேர்ந்தது என்றும் பெரியபுராணம் கூறும். அற்புதம் நிகழாத ஏடுகளின் கதியை உ. வே. சாமிநாதையர் தம் அநுபவத்தில் கண்டு எழுதியிருக்கிறார். கரிவலம்வந்தநல்லூரில் சிதிலமான ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டதாகக் கேட்டு அவர் பட்ட வேதனை தமிழ் படித்தோர் அறிந்ததே. அந்த இழப்புக்குத் தீ காரணம் அன்று. எது காக்கத் தக்கது என்ற தெளிவு அங்கே இல்லாமற் போனதே காரணம். 1981 ஜூன் முதல் நாளை ஒட்டிய இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் கொளுத்தப்பட்டு, ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் அழிந்தபோது, வேறெங்கும் பிரதி இல்லாதவை எவை என்ற கணக்கு அழிந்த பின்னரே போடப்பட்டது.

பொன்னை முன்வைப்போர்

இரும்புப் பெட்டி என்றதும் நகையை நினைப்பது மிகப் பழைய பழக்கம். வீட்டில் விலையுயர்ந்த பொருள் எதுவோ அதுவே காவலில் இருக்க வேண்டும் என்பது இக்கட்சியின் வாதம். கேட்பதற்கு நியாயமாகவும் இருக்கிறது. ஆனால் அது இரு வேறு காவல்களை ஒன்றாகக் கருதிவிடுகிறது. திருடனைத் தடுக்க வேண்டுமானால் கனத்த எஃகும் உறுதியான பூட்டும் வேண்டும். வெப்பத்தைத் தடுப்பதற்கோ ஜிப்சம் அல்லது காங்கிரீட்டு போன்ற பொருளைச் சுவர்களுக்கிடையே நிரப்ப வேண்டும்; அப்பொருள் தன் அணுக்கூட்டில் பிடித்து வைத்துள்ள நீரைச் சூடேறும்போது ஆவியாக விடுவதால், அந்த நீர் தீரும் வரையில் உள்ளறை குளிர்ந்தே இருக்கும். சிறு தீக்காப்புப் பெட்டகங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் காவலுக்கே செய்யப்பட்டவை. அவற்றின் மேல்தகடு மெல்லியது. சுவரோடு திருகி இறுக்காவிட்டால் திருடன் பெட்டகத்தையே தூக்கிச் சென்றுவிடலாம். திருகுவதற்காகத் துளையிட்டால் சில மாதிரிகளில் தீத்தடுப்புக் கெட்டுவிடும் என்பதையும் வாங்குமுன் கேட்டறிவது நல்லது.

மேலும் தூய பொன் உருகுநிலை 1,064 டிகிரி. பெட்டகங்களைச் சோதிக்கும் அமெரிக்க நியமமான யுஎல் 72-இல் ஒரு மணி நேரச் சோதனையின் முடிவில் உலை எட்டும் வெப்பம் 927 டிகிரி. செம்பு கலந்த ஆபரணப் பொன் சற்றுக் குறைந்த வெப்பத்தில் இளகக்கூடும், வெள்ளி 962 டிகிரியில் உருகும் என்பவற்றை ஒப்புக்கொண்டாலும், உருகிய பொன்னும் பொன்னே. தட்டானிடம் அதற்கு விலை உண்டு. 1944 ஏப்ரல் 14-இல் பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்தேற்றிய கப்பல் வெடித்தபோது அதிலிருந்த தங்கக் கட்டிகள் நகரத்தின்மேல் சிதறி விழுந்தன. பல ஆண்டுகள் கழித்தும் துறைமுகச் சேற்றில் அவை கிடைத்துவந்தன. அதே விபத்தில் தங்கள் பெட்டகங்கள் உள்ளிருந்த தாள்களைக் காத்தன என்பது கோத்ரெஜ் நிறுவனத்தார் இன்றளவும் பெருமையுடன் சொல்லும் செய்தி. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், பெட்டகம் இன்றியும் பொன் பிழைக்கும், பெட்டகம் இருந்தால்தான் தாள் பிழைக்கும் என்று கொள்ள இடமுண்டு. முத்தும் பவளமும் இதற்கு விலக்கு. வைரமும் கரிமமே ஆதலால் கடுந்தீயில் காற்றுப் பட்டால் அதன் மேற்புறம் மங்கிவிடும்.

‘அப்படியானால் நகை வங்கி லாக்கருக்குப் போகட்டும்’ என்பார்க்கு ஒரு குறிப்பு. அமிதாப தாஸ்குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் அளித்த தீர்ப்பை ஒட்டி ரிசர்வ் வங்கி அவ்வாண்டு ஆகஸ்டில் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, தீ, திருட்டு, கட்டட இடிவு, ஊழியர் மோசடி ஆகியவற்றால் லாக்கர்ப் பொருள் போனால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் நூறு மடங்கு வரைதான். வாடகை 2,000 ரூபாய் என்றால் இழப்பீடு 2 லட்சம். இன்றைய பொன் விலையில் அது சில சவரன்களுக்கு மேல் தேறாது. பூகம்பம், வெள்ளம், இடி முதலான இயற்கைச் சேதங்களுக்கோ வங்கிக்கு அப்பொறுப்பே இல்லை. இவ்வளவு இருந்தும், நகையைப் பொறுத்தவரை வங்கி லாக்கரே சிறு பெட்டகத்தினும் மேலானது என்பது என் எண்ணம். பெட்டகத்தில் இடம் அடைப்பதற்குப் பொன்னுக்கு இருக்கும் உரிமை, பழக்கத்தால் வந்த உரிமையே.

ரொக்கத்துக்கும் இது பொருந்துமா என்றால் முழுதும் பொருந்தாது. கருகி நொறுங்கும் நிலையிலுள்ள நோட்டுகளை வங்கிக் கிளைகள் ஏற்பதில்லை. சென்னை ராஜாஜி சாலையிலுள்ளது போன்ற ரிசர்வ் வங்கி அலுவலகத்தில் கொடுத்துத் தனி விசாரணைக்குப் பின்னரே ஏதேனும் பெறக்கூடும். ஆகவே ஒரு மாதச் செலவுக்கான பணத்தைப் பெட்டகத்தில் வைப்பதைக் குறை கூறுவதற்கில்லை.

பத்திரத்தை முன்வைப்போர்

இரண்டாம் கட்சியின் பலம் சட்டத்திலிருந்து வருகிறது. 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் 58-ஆம் பிரிவு, அசல் பத்திரங்களைக் கடன் கொடுப்பவனிடம் ஒப்படைப்பதையே ஒருவகை அடமானமாக ஏற்று, அவ்வசதியைக் கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய நகரங்களுக்குப் பெயர் சொல்லி வழங்கியது. ஆகவே நம் பகுதியில் அசல் பத்திரம் சொத்துக்குச் சாட்சியாக இருப்பதோடு நில்லாமல், கடன் வாங்கும் சக்தியாகவும் கருதப்படுகிறது. அசல் கைவிட்டுப் போனால் வீடு போய்விடாது. ஆயினும் விற்கப் போகும்போதும் கடன் கேட்கும்போதும் வீட்டுக்காரன் காவல் நிலையத்துக்கும் நாளிதழ் விளம்பரப் பிரிவுக்கும் அலைய நேரிடும்.

மேற்குப் புறநகர்களின் நில வரலாறு இவ்வச்சத்தை மிகுவிக்கிறது. ஏரிப் பாசன வயல்களும் கிராம நத்தமுமாக இருந்த ஊர்கள், 1949-இல் சைக்கிள் ஆலையும், 1960-களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையும் வந்ததை ஒட்டி மனைகளாகப் பிளந்தன. அங்கீகாரம் பெறாத மனைப்பிரிவுகள் பெருகி, 2017-ஆம் ஆண்டு வரன்முறை விதிகளின்கீழ் அவற்றுள் பல சீராக்கப்பட்டன. ஆகவே இங்கே ஒரு சிறு மனையின் பத்திரக் கட்டைப் பிரித்தால் மூலப்பத்திரத்தின் நகல், ஒரு பாகப்பிரிவினை, ஒரு பவர் பத்திரம், கிரயப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வரன்முறை ஆணை, தீர்வை ரசீதுகள் என்று ஒரு சிறு நூலகமே வெளிவரும்.

அத்தனையையும் பெட்டகத்தில் திணிப்பது இக்கட்சியினர் செய்யும் பிழை. பட்டாவும் வில்லங்கச் சான்றும் வேண்டும்போது இணையத்தில் எடுத்துக்கொள்ளத் தக்கவை. பதிவு பெற்ற கிரயப் பத்திரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும். அசல் அழிந்தது நிரூபிக்கப்பட்டால் அந்நகலை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்கும் என்பது 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்திலும், 2024 ஜூலை முதல் அதன் இடத்துக்கு வந்துள்ள புதிய சட்டத்திலும் உள்ள நியாயம். முந்தைய அசலைக் காட்டாமல் பதிவு செய்யலாகாது என்று 2022-இல் தமிழகப் பதிவு விதிகளில் சேர்க்கப்பட்ட 55-ஏ விதியின் முக்கியப் பகுதியை உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் செல்லாதென்றது. எனினும், வாங்குவோரும் வங்கிகளும் அசலைக் கேட்கும் வழக்கம் தீர்ப்பு ஒன்றினால் மறையக்கூடியதன்று. ஆதலால் அசல் கிரயப் பத்திரம் பெட்டகத்தில் இருக்கட்டும். வீட்டுக்கடன் நிலுவையில் உள்ள குடும்பத்துக்கு அந்தப் பிரச்சினையே இல்லை, அசல் வங்கியில் கிடக்கிறது. கடன் தீர்ந்த முப்பது நாளுக்குள் அதைத் திருப்பித்தர வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் ஆணையிட்டிருப்பதை மட்டும் அவர்கள் நினைவில் வைத்தால் போதும்.

பதிவு பெற்ற பத்திரத்தைக் காட்டிலும் பெட்டகத்தில் உரிமை மிக்கவை பதிவாகாத தாள்கள். கைமாற்றுக் கடனுக்கு எழுதி வாங்கிய புரோநோட்டு, அண்ணன் தம்பிகள் கையெழுத்திட்ட குடும்ப ஏற்பாடு, பதிவு செய்யாத உயில் ஆகியவற்றுக்கு வேறெங்கும் இரட்டை இல்லை. கடன்காரன் மறுத்தால் புரோநோட்டின் ஜெராக்ஸை வைத்துக்கொண்டு வாதாடுவது எளிதன்று. இவை சாதாரணமாகப் பீரோவில் புடவைக்கடியில் கிடக்க, எங்கிருந்தும் எடுக்கத்தக்க ஆதாரும் ரேஷன் கார்டும் பெட்டகத்தில் கொலுவிருப்பதைத்தான் பல வீடுகளில் காணலாம்.

உயிலைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்படி, எழுதியவரே ரத்துசெய்யும் கருத்தோடு உயிலை எரித்தால் அது செல்லாததாகும்; விபத்தில் எரிந்தால் ஆகாது. ஆனால் எழுதியவர் இறந்தபின் எஞ்சியிருப்பது சாம்பல் மாத்திரம் என்றால், அது எந்த எரிப்பு என்று வாரிசுகள் வழக்காடக்கூடும். விபத்தால் அழிந்த உயிலின் நகலோ வரைவோ காக்கப்பட்டிருந்தால், அதன்மேல் புரோபேட் வழங்கலாம் என்று அதே சட்டத்தின் 237-ஆம் பிரிவு இடங்கொடுக்கிறது. எனவே உயிலின் அசலைப் பெட்டகத்திலும் நகலை வேறு ஊரில் ஒரு நம்பிக்கைக்குரியவரிடத்தும் வைப்பது சட்டத்தின் போக்குக்கு ஒத்தது. உறையிட்டு மாவட்டப் பதிவாளரிடமே ஒப்படைத்துவிடும் வழியும் பதிவுச் சட்டத்தில் உண்டு. அவ்வழியை நாடுவோர் தொகை ஏன் பெருகவில்லை என்பது வியப்பே.

வழங்கியவர் இருக்கிறாரா?

பத்திரக் கட்சியாரை மறுப்போர், ‘சர்க்காரிடம் இன்னொரு பிரதி இருக்கிறதே’ என்பர். 2015-இல் தொடங்கிய டிஜிலாக்கரில் வழங்கப்படும் சான்றுகள் அசலுக்கு நிகர் என்று 2016-ஆம் ஆண்டு விதிகளின் வழியே ஏற்பட்டிருப்பதும், பங்குப் பத்திரங்கள் டிமேட் கணக்குகளில் கரைந்துவிட்டதும், தேசிய சேமிப்புச் சான்றிதழ்கள் 2016 ஏப்ரல் முதல் அச்சிட்ட தாளாக வராமற் போனதும் அவர்களுக்குத் துணை. 2015 வெள்ளத்துக்குப் பின் சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர், கடலூர் மாவட்டங்களில் அரசு சிறப்பு முகாம்களை நடத்திப் பட்டா, பள்ளிச் சான்றிதழ், ரேஷன் கார்டு முதலியவற்றின் மறுபிரதிகளைக் கட்டணமின்றி வழங்கியதும், நனைந்த கடவுச்சீட்டுகளுக்கு மாற்று தந்ததும், அவ்வாதத்தின் மிகச் சிறந்த உதாரணங்கள்.

ஆயினும் இரண்டாவது பிரதியும் ஒரு கட்டடத்தில்தான் இருக்கிறது. 2012 ஜனவரியில் எழிலகத்தின் கலசமஹால் எரிந்தபோது ஒரு தீயணைப்பு வீரர் உயிரிழந்ததோடு, அரசுத் துறைகளின் கோப்புகளும் சாம்பலாயின. 1973 ஜூலையில் அமெரிக்கச் செயின்ட் லூயி நகரத்து ஆவணக் காப்பகம் எரிந்து ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட இராணுவப் பணிப் பதிவுகள் அழிந்த பின், முன்னாள் வீரர் தம் உரிமையை நிரூபிக்க வீட்டுப் பெட்டியில் கிடந்த விடுவிப்புச் சான்றைத் தேட வேண்டியதாயிற்று. வீட்டுப்பிரதி சர்க்காரைக் காப்பாற்றிய சந்தர்ப்பம் அது.

ஆவடிக்கு இது வெகு பொருத்தம். படைத்துறைத் தொழிற்சாலைகளிலும் விமானப் படையிலும் சேமப் படையிலும் பணிபுரிந்து ஓய்வுற்றோர் நிறைந்த ஊர் அது. அவர்களுக்குச் சம்பளம் கொடுத்த படைக்கலத் தொழிற்சாலை வாரியமே 2021 அக்டோபர் முதல் நாள் கலைக்கப்பட்டு ஏழு கம்பெனிகளாகப் பிரிந்தது. கனரக வாகனத் தொழிற்சாலை ஒன்றிலும், சீருடைத் தொழிற்சாலை மற்றொன்றிலும் சேர்ந்தன. அம்பத்தூர் 2011-இல் நகராட்சிப் பதவியை இழந்து சென்னை மாநகராட்சியில் கலந்தது. 2018-இல் திருவள்ளூர் மாவட்டத்தை விட்டுச் சென்னை மாவட்டத்தில் சேர்ந்தது. ஆவடி 2019-இல் தானே மாநகராட்சியானது. கோப்புகள் அறை மாறும் ஒவ்வொரு தடவையும் சில தாள்கள் வழியில் நிற்கும் என்பது அலுவலகம் அறிந்தவர்க்குத் தெரியும். தனியார் ஆலையில் வேலை பார்த்து, அந்த ஆலையே மூடப்பட்டுவிட்ட தொழிலாளியின் நிலை இதனினும் கடினம். அவருடைய நியமன ஆணைக்கும் சேமநிதிச் சீட்டுக்கும் மறுபிரதி கேட்க ஆள் இல்லை.

இவற்றை வைத்து, மதிப்பு எவ்வளவு என்று கேட்பதைவிட, இதை வழங்கியவர் இன்னும் இருக்கிறாரா, இருந்தால் அவரிடம் பிரதி இருக்கிறதா என்று கேட்பதே பெட்டகத்துக்குரிய அளவுகோல் என்று கருதுகிறேன். அதன்படி ஓய்வூதிய ஆணை, பணிப்பதிவேட்டின் நகல், மூடிய ஆலையின் தாள்கள் ஆகியவை வைரத் தோட்டுக்கு முன்னால் இடம் பெறும். வாக்காளர் அட்டை வெளியே நிற்கும்.

நினைவுப் பொருளை முன்வைப்போர்

பத்திரத்துக்கு மறுபிரதி உண்டு, மறைந்த தாயின் கடிதத்துக்கு ஏது என்று கேட்கும் மூன்றாம் கட்சியை எவரும் எளிதில் மறுக்க முடியாது. ஓலை ஜாதகம், கல்யாண ஆல்பம், தாத்தாவின் நோட்டுப் புத்தகம் முதலியன மேற்சொன்ன அளவுகோலுக்கும் முழுதும் ஒத்துவருவனவே. இங்கே இடையூறு பெட்டகத்தின் குணம். தாளுக்கென்று சோதிக்கப்பட்ட வகையில் உள்வெப்பம் 177 டிகிரிக்குள் நிற்க வேண்டும் என்பதே விதி. தாள் அதைத் தாங்கும். காந்த நாடாவுக்கு 66 டிகிரியும், கணிப்பொறித் தகடு போன்றவற்றுக்கு 52 டிகிரியும், அவற்றோடு ஈரப்பத வரம்பும் தனியே விதிக்கப்பட்டுள்ளன. ஆகவே கல்யாண வீடியோ கேசட்டையும் பிலிம் நெகட்டிவையும் பென்டிரைவையும் சாதாரணத் தாள் பெட்டகத்தில் வைப்பவர், கதவைத் திறக்கையில் பத்திரம் பிழைத்திருக்க நினைவு உருகியிருப்பதைக் காணக்கூடும். படங்களை மின்பிரதி எடுத்து வெளியூர் உறவினரிடம் ஒரு தொகுதி வைப்பது, பெட்டகத்தைவிட மலிவும் உறுதியும் ஆகும்.

பெட்டகமே வேண்டாம் என்போர்

காவலைவிடப் பிரதியே மேல் என்னும் நான்காம் கட்சி, பரவி இருப்பது அழியாது என்ற பழைய நியாயத்தின் புதிய வடிவம். அதன் வாதம் வலிது. ஆனால் புரோநோட்டுக்கும் அசல் உயிலுக்கும் அது விடை கூறுவதில்லை, கைபேசியும் கடவுச்சொல்லும் வீட்டுக்காரனோடு போய்விடும் நாளுக்கும் விடை கூறுவதில்லை. இதற்குமேல் அக்கட்சியை நீட்டிப் பேச வேண்டியதில்லை.

நெருப்பும் நீரும்

இவ்வட்டாரம் நெருப்பைக் காட்டிலும் நீரை அடிக்கடி கண்டது. பூந்தமல்லிக்கு அருகே செம்பரம்பாக்கம், ஆவடியில் பருத்திப்பட்டு, கிழக்கே அம்பத்தூர், கொரட்டூர் என்று ஏரிகளின் சரிவில் அமர்ந்த ஊர்கள் இவை. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கனஅடி வரை நீர் திறக்கப்பட்டதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர்த் தொழிற்பேட்டை நீரில் நின்றதும் அண்மைக் காலத்தவை. தீயே மூண்டாலும் அதை அணைப்பது தண்ணீர்தான். எரியாத தாள் நனைந்து போவது தீவிபத்துகளில் சகஜம். பேனா மையில் எழுதிய பழைய பத்திரம் நனைந்தால் எழுத்து கரையும். நிழற்படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

இங்கேதான் வீட்டுப் பழக்கம் ஒன்று சிக்கலை உண்டாக்குகிறது. நம் வீடுகளில் பத்திரம் என்றால் அது பிளாஸ்டிக் உறைக்குள்ளே இருக்கும். சான்றிதழ் என்றால் லேமினேஷன் செய்யப்பட்டிருக்கும். வெள்ளத்துக்கு அது நல்ல கவசம். ஆனால் சாதாரணப் பாலித்தீன் 110 டிகிரி அளவிலேயே உருகத் தொடங்குகிறது. உள்வெப்பம் 177 டிகிரிக்குள் நின்று பெட்டகம் சோதனையில் முழு வெற்றி பெற்றாலும், அந்த உறை உருகி முத்திரைத்தாளோடு ஒட்டிவிடும். பிரிக்க முயன்றால் எழுத்தும் சேர்ந்து வரும். வெப்ப அச்சு இயந்திரத்தில் அடித்த நகைக்கடை ரசீது 100 டிகிரிக்குள்ளேயே முழுதும் கறுத்துவிடும். தாள் இருக்கும், அதில் எழுத்து இராது. காப்பீட்டுக்காரரிடம் காட்ட வேண்டிய ரசீதை முன்னதாகவே ஜெராக்ஸ் எடுத்து வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

தீக்குப் பிளாஸ்டிக் ஆகாது, நீருக்குப் பிளாஸ்டிக் வேண்டும் என்ற இந்த முரணுக்கு, நீர்ப்புகாச் சோதனையும் தேறிய பெட்டகத்தை வாங்குவது ஒரு பரிகாரம். பெட்டகத்தைத் தரையில் வைக்காமல் இடுப்பளவுக்கு மேலே, கனத்தைத் தாங்கும் மேடையில் வைப்பது மற்றொன்று. உயரம் கூடினால் தீயில் வெப்பம் மிகும், தளம் இடிந்தால் விழும் அபாயமும் உண்டு. சமையலறையை ஒட்டாத வெளிச்சுவர் மூலை இரண்டுக்கும் நடுவான இடமாகலாம். சுவருக்குள்ளிருக்கும் ஜிப்சம் ஈரம் பொதிந்தது ஆதலால், சென்னைக் காற்றில் மாதக்கணக்கில் திறவாத பெட்டகத்துக்குள் பூஞ்சை பிடிப்பதும் புதிதன்று. சிலிக்கா ஜெல் பொட்டலம் இடுவதும், அவ்வப்போது திறந்து காற்றாட விடுவதும் நன்மை தரும். தீ அணைந்ததும் ஆவலால் உடனே திறப்பது தவறு. உட்புறம் சூடாக இருக்கையில் காற்றுப் புகுந்தால், அதுவரை பிழைத்திருந்த தாள் அப்போது பற்றிக்கொள்ளலாம்.

2017 மே 31-இல் தியாகராயநகர் உஸ்மான் சாலைத் துணிக்கடைக் கட்டடம் எரிந்தபோது, நகைப் பிரிவின் பெட்டகங்கள் பின்னர் இடிபாடுகளுக்கிடையிலிருந்து எடுக்கப்பட்டன. அவை கடைக்கென்று செய்த கனத்த பெட்டகங்கள். அந்தச் செய்தியைக் கேட்டு வீட்டுச் சிறு பெட்டகத்துக்கும் அதே ஆற்றலைக் கற்பிப்பது பொருந்தாது. அரை மணி, ஒரு மணி என்று அதன்மேல் ஒட்டிய சீட்டு கூறும் நேரமே அதன் எல்லை.

தீராதவை

இதுவரை பார்த்ததிலிருந்து ஓரளவு உறுதியாகக் கூறத்தக்கது, பொன்னின் உரிமை தளர்ந்தது, பதிவாகாத தாளின் உரிமை ஓங்கியது என்பதுதான். மற்றவை நிச்சயமில்லை. அசல் கிரயப் பத்திரத்தின் பெருமை எத்தனை காலம் நிற்கும் என்பது நீதிமன்றங்களின் போக்கையும் வங்கிகளின் பழக்கத்தையும் பொறுத்தது. பதிவுத்துறை முழுவதும் மின்கையொப்பத்துக்கு மாறும் நாளில் பெட்டகத்தின் முதல் குடியிருப்பாளர் காலிசெய்துவிடலாம். சமையலறைத் தீயையும் ஏரி உடைப்பையும் ஒரே வாரத்தில் காணக்கூடிய ஒரு வீட்டில், 177 டிகிரிக்கும் முழங்கால் நீருக்கும் ஒருங்கே ஈடுகொடுக்கும் உறை எது என்பது, இவ்வூர்க் காற்றிலும் ஈரத்திலும் சோதித்துச் சொல்லப்பட வேண்டிய காரியம். பெட்டகத்தின் எண்பூட்டு வீட்டில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதிலும் ஒருமித்த கருத்து இல்லை. ஒருவருக்கே தெரிந்தால் அவர் மறைவுக்குப் பின் தட்டான் உளியும், நால்வருக்குத் தெரிந்தால் நால்வரிடையே சந்தேகமும் வந்து சேர்கின்றன. வங்கி லாக்கருக்கு நாமினி என்ற ஏற்பாட்டைச் செய்துவைத்த சட்டம், வீட்டுப் பெட்டகத்தைக் குடும்பத்தின் வழக்கத்துக்கே விட்டுவிட்டது.